தேதியை நகர்த்துவதா, இலக்கை நகர்த்துவதா: நிரல் மொழி வெளியீடுகளில் ஓர் ஒப்பீடு

2010 செப்டம்பரில் ஜாவா தளத்தின் தலைமை வடிவமைப்பாளரான மார்க் ரைன்ஹோல்ட் இரண்டு திட்டங்களை எல்லோரும் பார்க்கும்படி எடுத்து வைத்தார். ஜாவா 6 வெளிவந்து அப்போதே நான்கு ஆண்டுகள் ஆகவிருந்தன. ஏழாம் பதிப்புக்கென்று அறிவித்திருந்த பெரிய வேலைகளோ பாதியில் நின்றன. முதல் திட்டத்தின்படி, லாம்டா கோவைகளும் (பெயரிடாமல் எழுதும் சிறு செயற்கூறுகள்) நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஜிக்சா என்ற மாட்யூல் அமைப்பும் முடியும்வரை காத்திருந்து, 2012ஆம் ஆண்டின் நடுவில் எல்லாவற்றையும் சேர்த்து வெளியிடலாம். இரண்டாம் திட்டத்தின்படி, அவ்விரண்டையும் எட்டாம் பதிப்புக்குத் தள்ளிவிட்டு, முடிந்த வேலைகளை மட்டும் 2011ஆம் ஆண்டின் நடுவில் வெளியிடலாம். இரண்டாம் திட்டமே ஏற்கப்பட்டது. ஜாவா 7 அதன்படி 2011 ஜூலை 28 அன்று வெளிவந்தது.

திறந்த மூல முறையில் வளரும் எந்த மொழிக்கும் இப்படியொரு நாள் வந்தே தீரும். அறிவித்த தேதி நெருங்கிவிடும்; அறிவித்த இலக்குகளில் சில முடிந்திருக்கும், சில முடிந்திருக்கா. சம்பளத்துக்கு வேலை செய்யும் அணி என்றால் ஆட்களைக் கூட்டிப் பார்க்கலாம், வேறு வேலைகளை நிறுத்திவிட்டு இதைப் பார் என்று சொல்லலாம். இங்கே வேலை செய்வோரில் பலர் தன்னார்வலர்கள்; மற்றவர்கள் வெவ்வேறு நிறுவனங்களில் இருந்துகொண்டு, அந்தந்த நிறுவனம் விடும் நேரத்தில் பங்களிப்பவர்கள். எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரின் ஒரு பகுதியை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் இரண்டு மூன்று பேரே இருப்பார்கள்; அவர்களுக்குப் பதிலாக இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தாலும் வேலை விரைவுபடாது. தரத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது. மொழியில் நுழைந்துவிட்ட ஒரு பிழையை நம்பி யாரோ நிரல் எழுதிவிடுவார்கள். பிறகு அந்தப் பிழையைத் திருத்துவதே மற்றவர்களின் நிரலை உடைப்பதாகிவிடும். ஆகவே நகர்த்தக்கூடியவை இரண்டுதான்: ஒன்று தேதி, மற்றொன்று இலக்கு.

தேதியை நகர்த்தி இலக்கைக் காப்பதன் பக்கம் உண்மையான நியாயம் உண்டு. மொழியின் அம்சங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்கும் பொருந்த எழுத உதவும் ஜெனரிக்ஸ் இல்லாமல் வடிவமைத்த நூலகத்துக்குப் பின்னால் ஜெனரிக்ஸைச் சேர்த்தால், இரண்டு காலத்து எழுத்துமுறைகள் அருகருகே நின்று பயனரைக் குழப்பும். எல்லாம் ஒன்றாக வந்தால் மொழி ஒரே மனதில் உருவானது போல இருக்கும். இந்த ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு மொழியை நேசிக்கிறவர்களுக்கே அது வரும்.

ஆனால் அந்தக் காத்திருப்புக்கு எல்லை குறிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெர்ல் 6 சான்றாக நிற்கிறது. 2000 ஜூலையில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் அதை அறிவித்தார். சமூகத்திடம் கருத்துக் கேட்டபோது 361 முன்மொழிவுகள் வந்தன. அத்தனையையும் உள்வாங்கி ஒழுங்கான ஒரு வடிவம் தர வேண்டும் என்ற உறுதியோடு வேலை தொடங்கியது. நிலையான முதல் பதிப்பு வந்தது 2015 டிசம்பர் 25 அன்று. அதற்குள் 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏற்கெனவே உலகம் பயன்படுத்திக்கொண்டிருந்த பெர்ல் 5இலும் 5.8 பதிப்பு 2002இல் வந்த பிறகு 5.10 பதிப்பு 2007 டிசம்பரில்தான் வந்தது. ஒரே பெயரைத் தாங்கிய அடுத்த பதிப்பு இதோ வருகிறது என்ற அறிவிப்பு, இருக்கும் பதிப்பைப் பற்றிப் பயனர்கள் வைத்திருந்த நம்பிக்கையையும் அரித்தது. கடைசியில் 2019இல் அந்த மொழிக்கு ராகு என்று தனிப்பெயர் சூட்டி, இரண்டும் வெவ்வேறு மொழிகள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மொழியளவில் ராகு அழகானது என்பதே என் எண்ணம். ஆனால் அந்த அழகுக்காகக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அது வந்தபோது அங்கே இல்லை.

பிஎச்பி 6இன் கதை இதைவிடக் குறுகியது, ஆனால் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மொழி முழுவதையும் உள்ளுக்குள், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யுனிகோடுக்கு, அதிலும் அதைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-16 வடிவத்துக்கு மாற்றுவது என்ற ஒற்றை இலக்கோடு 2005 வாக்கில் வேலை தொடங்கியது. வேலையின் அளவும் வேகக் குறைவும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்துவைக்கும் நேம்ஸ்பேஸ் போன்ற வேறு அம்சங்கள் ஆறாம் பதிப்போடு சேர்ந்து சிக்கிக்கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து 2009 ஜூன் 30 அன்று பிஎச்பி 5.3 என்று வெளியிட்ட பிறகுதான் பயனர்களின் கைக்கு எதாவது கிடைத்தது. 2010இல் யுனிகோடு முயற்சி கைவிடப்பட்டது. 2015 டிசம்பரில் அடுத்த பெரிய பதிப்பு வந்தபோது ஆறு என்ற எண்ணையே தாண்டி ஏழு என்று பெயரிட்டார்கள். ஒரு கடினமான இலக்கு, தன்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத எளிய வேலைகளையும் சேர்த்துச் சிறைப்படுத்திவிடும் என்பதுதான் தேதியை நகர்த்துவதன் பெரிய விலை. நேம்ஸ்பேஸை எழுதி முடித்தவர் ஏன் யுனிகோடுக்காகக் காத்திருக்க வேண்டும்?

தேதியை நகர்த்துவது எப்போதும் தவறு என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. கோ மொழி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், வெளிவருவது வழக்கம். ஜெனரிக்ஸ் சேர்ந்த 1.18 பதிப்பு மட்டும் 2022 மார்ச் 15 வரை சென்றது. மொழி தொடங்கியதிலிருந்து அதில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அது. வேலை முடிந்திருந்தது, சோதனையும் திருத்தமும் மட்டுமே மீதம் இருந்தன. எண்ணிச் சொல்லக்கூடிய சில வாரங்கள், என்ன மீதம் இருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டக்கூடிய நிலை ஆகிய இரண்டும் இருந்தால் தேதியை நகர்த்துவதில் குற்றமில்லை. வடிவமைப்பே இன்னும் முடிவாகாத இலக்குக்காகத் தேதியை நகர்த்துவதுதான் ஆபத்து. அங்கே மீதமுள்ள வேலையின் அளவு யாருக்கும் தெரியாது, ஆகவே புதிதாகச் சொல்லும் தேதியும் பழையதைப் போலவே ஓர் ஊகம்தான்.

இனி இலக்கை நகர்த்தும் வழி. இதைப் படிக்க ஸ்விஃப்ட் மொழியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2015 டிசம்பரில் அது திறந்த மூலமாக்கப்பட்டபோது, மூன்றாம் பதிப்பின் இலக்குகளில் முதன்மையானதாகப் பைனரி நிலைத்தன்மை எழுதப்பட்டிருந்தது. ஒரு பதிப்பின் கம்பைலர் உருவாக்கிய இயங்குநிரல், இன்னொரு பதிப்பின் நூலகத்தோடு சேர்ந்து ஓட முடிய வேண்டும் என்பதே அதன் பொருள். அது இல்லாததால், ஸ்விஃப்டில் எழுதிய ஒவ்வொரு செயலியும் மொழியின் இயக்க நூலகங்களைத் தன்னோடு சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 2016 மே மாதத்தில், அதாவது வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்தபோது, ஸ்விஃப்டை உருவாக்கிய கிறிஸ் லாட்னர் அந்த இலக்கு மூன்றாம் பதிப்பில் நிறைவேறாது என்று வெளிப்படையாக அறிவித்தார். அது நான்காம் பதிப்புக்குச் சென்றது. அங்கும் முடியாமல், 2019 மார்ச்சில் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் நிறைவேறியது.

இருமுறை தள்ளிப்போன ஓர் இலக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோல்வியாகவே தெரியும். உள்ளே பார்த்தால் கதை வேறு. பைனரி நிலைத்தன்மை என்பது ஒருமுறை பூட்டினால் திரும்பத் திறக்க முடியாத பூட்டு. அந்த இடைக்காலத்தில் 4.1 பதிப்பில் நிபந்தனையோடு கூடிய இணக்கங்கள் என்ற ஜெனரிக்ஸ் வசதி வந்தது. மொழியோடு வரும் நூலகம் அதைக்கொண்டு எளிமையாக்கப்பட்டது. ஐந்தாம் பதிப்பில் சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள், உள்ளுக்குள் யுடிஎஃப்-16 சார்ந்த அமைப்பைவிட்டு யுடிஎஃப்-8க்கு மாறின. மூன்றாம் பதிப்பிலேயே பூட்டியிருந்தால், இந்த மாற்றங்கள் ஒன்று நடந்தே இருக்கா, அல்லது காலமெல்லாம் சுமக்க வேண்டிய ஒட்டுப்போட்ட அமைப்போடு நடந்திருக்கும். தேதியை மதித்து இலக்கைத் தள்ளியதால் மொழி இழந்ததைவிடப் பெற்றது அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

அதே மூன்றாம் பதிப்பில் குழு எதைத் தள்ளவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நூலகப் பெயர்கள் மொத்தமாக மாற்றப்பட்டன. சி மொழி பாணியில் மூன்று பகுதிகளாக எழுதும் ஃபார் சுற்றும், மாறியின் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டு ஒன்றைக் கூட்டும் வழக்கமும் மொழியிலிருந்தே எடுக்கப்பட்டன. பழைய நிரலைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். பயனர்களுக்கு அது கடினமான ஆண்டு. ஆனால் பழைய நிரலை உடைக்கும் மாற்றங்கள் தாமதமானால் அவற்றின் விலை ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் உடையப்போகும் நிரலின் அளவு கூடுகிறது. பூட்டும் வேலையைத் தள்ளி, உடைக்கும் வேலையை முன்னால் முடித்த அந்த வரிசை மிகச் சரியானது. நான்காம் பதிப்பு பழைய மூன்றாம் பதிப்பு நிரல்களையும் ஏற்கும் முறையோடு வந்தபோது அதன் பலன் தெரிந்தது.

இலக்கை நகர்த்துவதற்கும் விலை உண்டு; அந்த விலையை முடிவுசெய்வது அடுத்த வெளியீடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதுதான். ஜாவாவுக்கே திரும்புவோம். இரண்டாம் திட்டத்தின்படி எட்டாம் பதிப்பு 2012இன் கடைசியில் வர வேண்டியது. 2012இல் ஜிக்சாவை ஒன்பதாம் பதிப்புக்குத் தள்ளினார்கள். பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் வேலை இடையில் வந்து எட்டாம் பதிப்பு 2014 மார்ச் 18 அன்று வெளிவந்தது. ஒன்பதாம் பதிப்போ 2016 செப்டம்பர் என்று குறிக்கப்பட்டு, மூன்று முறை தள்ளிப்போய், 2017 செப்டம்பர் 21 அன்று வந்தது. இங்கே தேதி, இலக்கு இரண்டுமே நகர்ந்தன. காரணம் குழுவின் திறமைக்குறைவு இல்லை. அடுத்த வண்டி மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வரும் என்று தெரிந்தால், ஒவ்வொருவரும் தம் வேலையை இந்த வண்டியிலேயே ஏற்றிவிடப் போராடுவார்கள். எல்லோரும் ஏறும்வரை வண்டி கிளம்பாது. அது கிளம்பாததால் அடுத்தது இன்னும் தள்ளிப்போகும். ஒன்பதாம் பதிப்பு வெளிவந்த அதே மாதத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வெளியிடும் முறையை ரைன்ஹோல்ட் முன்வைத்தது இந்தச் சுழலை அறுப்பதற்குத்தான். 2018 மார்ச்சில் பத்தாம் பதிப்பு வந்ததிலிருந்து அந்த ஒழுங்கு தொடர்கிறது.

வெளியீட்டை ரயிலைப் போல நடத்தும் இந்த முறையில், தயாரான அம்சம் ஏறும், தயாராகாதது அடுத்த ரயிலுக்கு நிற்கும். ரஸ்ட் மொழி 2015 மே 15 அன்று 1.0 பதிப்பை வெளியிட்டது முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இப்படித்தான் வெளிவருகிறது. ஓர் அம்சம் ஒரு ரயிலைத் தவறவிட்டால் இழப்பு ஆறு வாரம். அதற்காக யாரும் இரவு கண்விழித்து அரைகுறை வேலையை உள்ளே தள்ள வேண்டியதில்லை. இலக்கை நகர்த்துவதா தேதியை நகர்த்துவதா என்ற கேள்வியின் கூர்மையே இங்கே மழுங்கிவிடுகிறது. இதனால்தான் தேர்வு செய்யும் குழுக்கள் அந்தக் கேள்விக்கு முன்பே, நம் வெளியீடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

ஆனால் அடிக்கடி வெளியிடுவது எல்லோருக்கும் இலவசம் இல்லை. சுமை மொழிக் குழுவிலிருந்து நூலகப் பராமரிப்பாளர்களின் தோளுக்கு இறங்குகிறது. 2019இல் பைத்தான் சமூகம் இதை நேருக்கு நேர் விவாதித்தது. பெப் என்பது அம்மொழியின் மாற்றங்களுக்கான முன்மொழிவு. பெப் 602 ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்றது. பெப் 605 முழு வெளியீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாக்கி, நடுவில் தொடர்ந்து முன்னோட்டப் பதிப்புகளை ஓடவிடலாம் என்றது. முதலாவது ஏற்கப்பட்டது, 3.9 பதிப்பிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு புதிய பைத்தான் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு என்பதால், எந்த நாளிலும் ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கின்றன. ஒரு சிறிய நூலகத்தைத் தனியாளாகப் பராமரிப்பவரும் ஐந்திலும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் பெப் 602 ஏற்கப்பட்டது சரியென்றே நினைக்கிறேன். தேதி தெரிந்த சுமைக்கு ஓர் ஒழுங்கை அமைத்துக்கொள்ளலாம். எப்போது வரும் என்று தெரியாத சுமைக்கு அது முடியாது. ஜாவா இதே சிக்கலை, குறிப்பிட்ட சில பதிப்புகளுக்கு மட்டும் நீண்டகால ஆதரவு தந்து தீர்த்துக்கொண்டது: 11, 17, 21, 25.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: இலக்கை வெளியிடுவது, ஆனால் முன்னோட்டம் என்ற பெயரில், பயனர் கேட்டால் மட்டும் இயங்கும்படி வெளியிடுவது. இதன் வலிமை, சரத்துக்குள் மதிப்புகளைப் பொருத்தி எழுதும் ஜாவாவின் சர வார்ப்புருக்களில் தெரிந்தது. 21, 22 ஆகிய பதிப்புகளில் அவை முன்னோட்டமாக வந்தன. வடிவமைப்பில் மனநிறைவு ஏற்படாததால் 23ஆம் பதிப்பில் முழுவதுமாக எடுக்கப்பட்டன. மொழியில் சேர்த்த ஒன்றை யாருடைய நிரலுக்கும் துரோகம் செய்யாமல் திரும்பப் பெற முடிந்தது என்பது பெரிய விஷயம்.

பைத்தானில் இதே வழி வேறொரு பாடத்தைக் கற்றுத் தந்தது. கோப்பின் முதல் வரியில் ஃப்ரம் ஃபியூச்சர் இம்போர்ட் அனோடேஷன்ஸ் என்று எழுதினால், ஒரு மாறி எந்த வகைத் தரவை ஏற்கும் என்று சொல்லும் வகைக் குறிப்புகள் நிரல் ஏறும்போது கணிக்கப்படாமல் வெறும் சரங்களாகச் சேமிக்கப்படும், இது 3.7இல் விருப்ப வசதியாக வந்தது. 3.10 பதிப்பில் எல்லோருக்கும் இதுவே இயல்பாகும் என்று இலக்கு குறித்தார்கள். ஆனால் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற நூலகங்கள் அந்தக் குறிப்புகளை நிரல் ஓடும்போது படித்து, அவற்றைக்கொண்டே தரவைச் சரிபார்க்கின்றன. அவர்களின் கவலை உரத்துக் கேட்டது 2021 ஏப்ரலில், பீட்டா என்ற சோதனைப் பதிப்புக்காக மாற்றங்கள் நிறுத்தப்படுவதற்குச் சில வாரங்களே இருந்தபோது. வழிகாட்டும் குழு அந்த இலக்கை 3.10இலிருந்து எடுத்தது. பின்னர், குறிப்புகளைத் தேவைப்படும்போது மட்டும் கணிக்கும் பெப் 649 என்ற வேறு தீர்வு ஏற்கப்பட்டு, 2025 அக்டோபரில் 3.14 பதிப்போடு வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விருப்ப வசதியாக இருந்தும் சிக்கல் கடைசி வாரங்களில்தான் வெடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விருப்ப வசதியை விரும்பியவர்கள் மட்டுமே இயக்குவார்கள். யாருக்கு அது ஊறு செய்யுமோ அவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். ஆகவே முன்னோட்டம் நீண்ட நாள் ஓடிவிட்டது என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நூலகங்களின் சோதனைகளை மொழிக் குழுவே புதிய இயல்புநிலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் சான்று.

முன்னோட்டத்தைவிட நுட்பமான ஒரு வழியை ரஸ்ட் 2018இல் கையாண்டது. பழைய நிரலை உடைக்கும் சொல்லிலக்கண மாற்றங்களை எடிஷன் என்ற கட்டுக்குள் வைத்து, விரும்பும் நிரல் மட்டும் மாறிக்கொள்ளலாம் என்று விடுவது அம்மொழியின் வழக்கம். 2018 எடிஷன் வந்தபோது, ஒரு வேலை காத்திருக்கும்போதே மற்றதைத் தொடர உதவும் அசிங்க், அவெயிட் வசதி தயாராக இல்லை. குழு அவ்விரு சொற்களையும் எடிஷனில் ஒதுக்கி மட்டும் வைத்தது. அந்த வசதி 2019 நவம்பரில் 1.39 பதிப்பில் வந்தது. திரும்பப் பெற முடியாத பகுதி எது, அதற்கு இந்த வெளியீடு எவ்வளவு தேவை என்று பிரித்துப் பார்த்து, அந்தத் துண்டை மட்டும் தேதிக்குள் முடித்துவிட்டு மீதியை நிதானமாகச் செய்வது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஜாவாவும் அடிக்கோட்டை மாறிப் பெயராக எழுதுவதை ஒன்பதாம் பதிப்பில் தடுத்து வைத்து, 22ஆம் பதிப்பில்தான் அதற்குப் புதிய பொருள் தந்தது. ஆனால் எடிஷனே ஒரு பெரிய காலக்கெடுவாக மாறியதால் 2018இல் ரஸ்ட் குழுவினர் களைத்துப்போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு வாரத்து ரயில் போக்கிய அழுத்தத்தை எடிஷன் என்ற மூன்றாண்டு ரயில் திரும்பக் கொண்டுவந்தது.

இலக்கின் அளவுகோலை வரையறுத்துக்கொள்வதும் ஒருவகை நகர்வே. ரூபி 2015இல் மூன்றாம் பதிப்பு 2.0ஐப் போல மும்மடங்கு வேகமாக இருக்கும் என்று அறிவித்தது. 2020 டிசம்பர் 25 அன்று பதிப்பு வந்தபோது, ஆப்ட்கேரட் என்ற விளையாட்டு இயந்திரப் போலியை ஓட்டும் சோதனையில் அந்த வேகம் காட்டப்பட்டது. வலைச் செயலிகளுக்கு அதே வேகம் கிடைக்கவில்லை. எந்தச் சோதனையில் மும்மடங்கு என்று பெயர் சொல்லிக் குறித்ததால் இதை நேர்மையானதாகவே ஏற்கிறேன். அந்தப் பெயர் இலக்கு அறிவித்த முதல் நாளிலேயே சொல்லப்பட்டிருந்தால் ஏமாற்றம் குறைந்திருக்கும்.

இப்போது ஒரு குழு என்னிடம் கேட்டால் நான் சொல்வது இது. வடிவமைப்பு முடிந்து திருத்தம் மட்டும் மீதமென்றால், சில வாரங்களைக் கணக்கிட்டுச் சொல்லித் தேதியை நகர்த்துங்கள். வடிவமைப்பில் ஐயம் இருந்தால் இலக்கை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு பெரிய வாக்குறுதியாக இருந்தாலும்; பூட்டும் தன்மையுள்ள இலக்கு என்றால் இன்னும் தயங்காமல் எடுங்கள். முன்னோட்டமாக விடுவதென்றால், அது நிலைபெறும் அல்லது நீக்கப்படும் பதிப்பின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வெளியீடு ஓராண்டுக்கு மேல் தள்ளியிருந்தால், இந்த விவாதத்தை நிறுத்திவிட்டு முதலில் அந்த இடைவெளியைக் குறையுங்கள்.

இலக்கை எடுத்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தள்ளிவைத்த அம்சத்தின் நிரல் ஒரு தனிக் கிளையில், அதாவது மூல நிரலின் தனிப் பிரதியில், கிடக்கும். முதன்மைக் கிளை நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் வாரந்தோறும் ஒன்றிணைத்து, முரண்களைத் தீர்த்து, சோதனைகள் தேறுகின்றனவா என்று பார்க்க ஒருவர் இல்லாவிட்டால், ஆறு மாதத்தில் அந்தக் கிளை கம்பைல்கூட ஆகாது. அதை எழுதிய தன்னார்வலரும் வேறு வேலைக்குப் போயிருப்பார். சி++ தர நிர்ணயக் குழு 2009 ஜூலையில் கான்செப்ட்ஸ் என்ற அம்சத்தைத் தன் வரைவிலிருந்து எடுத்தபோது, அது வேறு வடிவில் மொழிக்குள் திரும்பிவர 2020 வரை ஆயிற்று. அடுத்த பதிப்புக்குத் தள்ளப்பட்டது என்று எழுதும் அதே அறிவிப்பில், அந்தக் கிளையை யார் பார்த்துக்கொள்கிறார் என்ற பெயரும் அவர் ஒப்புக்கொண்ட தேதியும் இருக்க வேண்டும். பெயர் எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால், தள்ளப்பட்டது என்று எழுதாமல், கைவிடப்பட்டது என்றே எழுதிவிடலாம். அதற்காகக் காத்திருப்பவர்கள் தங்கள் நிரலை வேறு விதமாக எழுதிக்கொள்ள அன்றே தொடங்குவார்கள்.